திட்டு எழும் இடம்

தமயந்தி போய்ச் சேர்ந்த காலையில் கோலாத்தீவு அதன் இடத்தில் இல்லை.

படகோட்டி சந்தியாகு எஞ்சினை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர். தமயந்தி மடியில் விரித்திருந்த வரைபடத்தின்படி, படகு அப்போது மாதா கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வெளிய போயிருக்கும் மேடம். வந்துரும்" என்றார் சந்தியாகு.

"எங்கே போகும்?"

"சொல்லிட்டா போகுது?"

தமயந்தி புவி இயற்பியல் படித்தவள். கடலோரத் தீவுகளின் அடியில் என்ன இருக்கிறது என்று அளந்து துறைக்கு எழுதுவது அவள் வேலை. தீவு மேலே இல்லாத நேரத்தில் அதன் அடியை அளப்பது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் இறக்கினாள். கயிறு முடிந்துபோனது. குண்டு எதிலும் தட்டவில்லை.

"இங்கன அடி கெடையாது மேடம். திட்டு மட்டுந்தான்" என்றார் சந்தியாகு.

அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவள் என்பதால் தமயந்தி சிரித்துவிட்டாள். சந்தியாகு சிரிக்கவில்லை. அவர் தகவல்தான் சொல்லியிருந்தார்.

கஞ்சி குடிக்கும் நேரத்துக்குத் தீவு வந்தது. தெற்கிலிருந்து, யார் தூக்கத்தையும் கலைக்காத நடையில் வந்து, படகுக்குக் கீழே நின்றது. படகு தரை தட்டியது. கோயில் முற்றத்தில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து வந்து படகை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

இறங்கி நடந்தார்கள். நிலம் ஒரே மட்டமாக இல்லை. சிறிதும் பெரிதுமாக மணல் மேடுகள். சந்தியாகு, சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டு வந்தார்.

"இது சோம்பேறித் திட்டு. எங்க அப்பாவுக்கு விழுந்தது. அந்தா தெரியுதே, அது வெளங்காதவன் திட்டு. சித்தப்பாவுக்கு. நல்ல மனுசன்."

ஒருவரைத் திட்டினால் அவர் காலடியில் ஒரு திட்டு எழும். கோலாத்தீவு அப்படித்தான் உண்டானது. மழை பெய்தால் மண் நனையும் என்று சொல்கிற குரலில் சந்தியாகு இதைச் சொன்னார். மணல் எங்கிருந்து வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு எதிரே தமயந்தி, 'வாய்வழி' என்று எழுதினாள்.

"ஏசினாலும் எழுமா?"

"ஏச்சு வேற மேடம். அது மனசுலதான் நிக்கும். மண்ணுல நிக்காது."

பங்குச் சாமியார் ஒரு வள்ளத்தில் குடியிருந்தார். அவரைத் திட்ட ஊரில் யாருக்கும் துணிவில்லாததால் அவருக்கு நிலம் இல்லை. தீவிலேயே உயரமான இடம் சந்தியாகுவின் வீடு. அது குன்று. வாசலில் அவர் மனைவி மெற்றில்டா நின்றிருந்தாள்.

"வந்துட்டாரு தொரை. தீவே வந்து சேந்துட்டுது, இவரு இப்பத்தான் ஆடி அசைஞ்சு வாராரு. ஒம்மக் கட்டுனதுக்கு ஒரு நங்கூரத்தக் கட்டியிருந்தா அதாவது சொன்ன எடத்துல கெடந்திருக்கும்."

குன்று ஒரு விரற்கடை உயர்ந்தது. சந்தியாகு பழக்கமாக, வாசல் அடுப்பிலிருந்த தேநீர்ச் சட்டி சரியாமல் பிடித்துக்கொண்டார்.

தமயந்தி வேலையைத் தொடங்கினாள். தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அதிர்வு கீழே இறங்கி, ஒவ்வொரு படிவிலும் பட்டுத் திரும்பி வரும். அதைச் செவிக்கருவியில் கேட்டுப் படிவுகளைப் பிரிக்க வேண்டும். மற்றத் தீவுகளில் மணல் ஒரு மாதிரி ஒலிக்கும், பவளப்பாறை ஒரு மாதிரி ஒலிக்கும். இங்கே குரல்கள் வந்தன. மேல் படிவில் மெற்றில்டா, "குளிச்சு எத்தன நாளாவுது?" என்றாள். அதற்குக் கீழே அவள் மாமியார் அதையே வேறு யாரிடமோ கேட்டாள். இன்னும் கீழே சொற்கள் பழையவை. பொருள் விளங்கவில்லை, கோபம் மட்டும் விளங்கியது. ஆகக் கீழே யாரோ ஒருவர் 'ச்' என்று நாக்கைத் தட்டினார். அதற்குக் கீழே கடல்.

பிற்பகலில் கிழக்குக் கோடியில் இருந்த வீட்டுக்குப் போனார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் நடக்க நடக்க வீடு தள்ளிப்போனது.

"கவர்மெண்டு சாமானப் பாத்தா அந்த வீடு ஒதுங்கும்" என்று சொல்லி, மெற்றில்டா கருவிப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்து, மேலே ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். வீடு கிட்டே வந்தது.

அது பிரகாசியின் வீடு. அவள் கணவன் கஸ்பார் போன வாடைக் காற்றில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. ஊரார் தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்தி, வெறும் பெட்டியை மண்ணில் வைத்துச் சிலுவை நட்டார்கள். அன்று முதல் பிரகாசியை யாரும் திட்டியதில்லை. அவள் குழம்பில் உப்பில்லாவிட்டால் உப்பு உடம்புக்கு ஆகாது என்றார்கள். அவளுடைய ஆடு மெற்றில்டாவின் முருங்கைக் கன்றைத் தின்றபோது மெற்றில்டா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். ஊர் அவளிடம் அவ்வளவு பிரியமாக இருந்தது. அவள் வீட்டுத் தரை நாளுக்கு நாள் மெலிந்தது.

தமயந்தி தகட்டை வைத்து மெதுவாகத்தான் தட்டினாள். ஒரே ஒரு படிவு. அதில் ஓர் ஆண் குரல், "ஏட்டி, கஞ்சியில கல்லு கெடக்கு. கண்ணு தெரியாதா ஒனக்கு?" என்றது. அவ்வளவுதான். அதன் கீழே தண்ணீர்.

பிரகாசி செவிக்கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா தட்டுங்க."

தமயந்தி தட்டினாள்.

"இன்னொருக்கா."

"வேண்டாம்ட்டி. தட்டத் தட்டத் தேஞ்சுரும்" என்றாள் மெற்றில்டா.

தொலைபேசி ஒலித்தது. கரையிலிருந்து இயக்குநர்.

"கிழக்குக் கோடியில் தடிமன் எவ்வளவு?"

"நாலு விரல் சார்."

"ஒரு சாணுக்குக் குறைந்தால் அது நிலம் இல்லை. நீர். வரைபடத்தில் கரைக்கோட்டை உள்ளே தள்ளிப் போடுங்கள்."

"இங்கே ஒரு வீடு இருக்கிறது சார்."

"நீரில் வீடு இருக்க முடியாது."

"ஒரு பெண் இருக்கிறார்."

"நீரில் இருந்தால் நம் துறையில் வரமாட்டார். மீன் துறைக்கு எழுதுங்கள். வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்."

அவள் வரைபடத்தில் கோடு போட்டால் கடல் அந்தக் கோடுவரை வரும். கடல் இதுவரை துறையின் கோட்டை மீறியதில்லை. வீடு போகும். பிரகாசியைக் கரைக்குக் கொண்டுபோய் ஓர் அறையில் வைப்பார்கள். அந்த அறைகளுக்குக் கடல் பக்கம் சன்னல் கிடையாது. இதைத் தமயந்தி சொன்னபோது பிரகாசி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக வந்தா வீடு எங்கனன்னு எப்படித் தெரியும்?"

தொலைபேசி இன்னும் தமயந்தியின் கையில்தான் இருந்தது.

"கோடு போட்டாயிற்றா?" என்றார் இயக்குநர்.

"கொஞ்சம் பொறுங்கள் சார்."

"இத்தனை வருஷம் உனக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்? ஒரு கோடு போடத் துப்பில்லை, நீயெல்லாம் தீவை அளக்க வந்துவிட்டாய்!"

தமயந்தியின் காலடியில் மணல் குபுக்கென்று எழுந்தது. கணுக்கால் உயரம். நல்ல பருமணல்.

"மேடத்துக்குத் திட்டு நல்லா விழுது. குடுத்து வச்சவுக" என்றாள் மெற்றில்டா.

"இதில் இவர் நிற்கலாமே?"

பிரகாசி அந்த மணலில் கால் வைத்தாள். கால் புகையில் இறங்குவதுபோல இறங்கியது. தடம்கூட விழவில்லை. அடுத்தவர் வாங்கிய திட்டு ஒருவரைத் தாங்காது என்று சந்தியாகு விளக்கினார்.

அப்படியானால் பிரகாசியைத்தான் யாராவது திட்ட வேண்டும். எல்லோரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள். மெற்றில்டா வாயைத் திறந்தால் பக்கத்துத் தீவுகளில்கூட மணல் அசையும் என்று பேர். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி பிரகாசி. நீ ஒரு... கூறு கெட்ட... தலை வாரிக்கிட மாட்டியா நீ? இப்படியா கெடப்பா ஒருத்தி? சோறு தின்னியா இல்லையா? என் ராசாத்தி..."

அழுதுவிட்டாள். 'ராசாத்தி' என்ற சொல்லுக்கு அரை விரல் தரை கரைந்தது. வாசல்படிக்குத் தண்ணீர் வந்தது.

தமயந்தி முன்னே வந்தாள். அவள் பொதுமக்களைத் திட்டக் கூடாது என்று துறையில் விதி உண்டு. அவள் அதை மீறினாள்.

"நீங்கள் மிகவும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறீர்கள்."

பிரகாசியின் காலருகே கொஞ்சம் நுரை வந்து உடைந்தது.

"'நீங்க'ன்னு சொன்னா நுரைதான் வரும் மேடம்" என்றார் சந்தியாகு. "உரிம உள்ளவுக திட்டணும். கண்டவுக திட்டுனா திட்டு ஆவாது."

உரிமை உள்ளவன் ஒருவன்தான். எல்லோருடைய பார்வையும் சிலுவை நட்ட பக்கம் போய்விட்டு, தப்புச் செய்ததுபோலத் திரும்பியது. தரை மேலும் கரைந்து, தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தது. பிரகாசி அதில் நின்றபடி தமயந்தியைக் கேட்டாள்.

"ஒரு சாணு இருந்தா நெலம். அப்படித்தானே சொன்னீக?"

"ஆமாம்."

"ஒரு ஆளு நிக்கதுக்கு அது போதுமா?"

"போதும்."

"நட்டநடுக் கடல்னாலும்?"

"எங்கே என்றாலும் போதும்."

பிரகாசி கிழக்கே, கடலைப் பார்த்துத் திரும்பினாள். மெற்றில்டாவுக்கு அவள் நினைப்பது புரிந்துவிட்டது. ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்ட்டி. செத்தவுகளத் திட்டப்படாது. பாவம்."

"செத்தவுகளத்தானே திட்டப்படாது மைனி" என்றாள் பிரகாசி. கையை விடுவித்துக்கொண்டாள்.

பிறகு திட்டினாள்.

"ஏ மனுசா! ஊரே வாடைக்குப் பயந்து வள்ளத்தக் கரையில ஏத்துது, ஒனக்கு மட்டும் என்ன கேடு? கஞ்சியில கல்லு கெடந்தா துப்பிட்டுத் திங்கணும். அதுக்கா ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போவான்? பொண்டாட்டி மேல கோவம்னா முதுகக் காட்டிப் படுக்கணும், இல்ல ரெண்டு வேள பேசாம இருக்கணும். ஊரு ஒலகத்துல அப்படித்தான் செய்வாக. வெத்துப் பெட்டிய வச்சு அழுவுன்னாக. பெட்டிக்கு ஏன் நான் அழணும்? அது என்ன செஞ்சுது எனக்கு? வீட்டுக்கு வர வழி தெரியாதவனுக்கு வலையென்ன, வள்ளமென்ன! ஒழுங்கா ஒரு எடத்துல நிக்கத் தெரியுமா ஒனக்கு? நில்லு! நான் பேசிக்கிட்டிருக்கேன்லா, நில்லு!"

தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. பானைகள் மிதந்தன. அவள் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு அவன் அண்ணன் கொண்டுவந்த சேலையின் நிறத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

தொடுவானத்தில் கடல் ஓரிடத்தில் வெளுத்தது. பிறகு அந்த இடம் கறுத்தது. எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் வந்து அதன் மேல் வட்டமிட்டன. சந்தியாகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழும்புது" என்றார்.

"ஒரு சாண் இருக்குமா?"

"கூடவே இருக்கும்."

பிரகாசிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிறுத்தினாள். தண்ணீர் இடுப்பளவு. சுவரில் மாட்டியிருந்த படம் ஈரமாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் நின்றார்கள். காற்றும் நின்றது. தொலைபேசி மறுபடியும் ஒலித்தது.

"கோடு போட்டாயிற்றா?"

"காத்திருக்கிறேன் சார்."

"எதற்கு?"

"பதிலுக்கு."

"எந்தத் துறையிலிருந்து?"

தமயந்தி தொலைபேசியைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரகாசி லேசாகத் துள்ளினாள், பாதத்தில் எதுவோ குத்தியதுபோல. தண்ணீர் அவள் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. தொடையிலிருந்து முழங்காலுக்கு. அவளைச் சுற்றி மணல் எழுந்துகொண்டிருந்தது. கறுப்பு மணல், ஆழ்கடலின் குளிர்ச்சியோடு. சந்தியாகு தன் மனைவியைப் பார்த்தார். மெற்றில்டா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்காட்டினாள். அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை.

தமயந்தி ஈர மணலில் அளவுகோலை இறக்கினாள். ஒரு சாண். எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினாள். ஒரு முழம்.

பிரகாசி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அலைச் சத்தம் மட்டும்தான். அவள் முகம் முதலில் வெளிறியது. பிறகு மெல்லச் சிவந்தது.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றாள் மெற்றில்டா.

"அதெல்லாம் மேடத்த வச்சுக்கிட்டுச் சொல்றாப்லயா இருக்கு?"

மணல் இன்னும் ஏறியது. பிரகாசி பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. முந்தானையை உதறி இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடலை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"யாரப் பாத்து என்ன வார்த்த சொல்லுத நீ?" என்றாள்.