இரண்டு ஆண்டுகள் ஆறாத தீப்பொறி

நியாயம் பேசுவோரே, இங்கே வாருங்கள்! இந்த வெல்டரின் முகத்தை உற்றுப் பாருங்கள். வலது கண்ணுக்குக் கீழே மிளகளவு புண். ஓரம் முத்துப்போல் மினுங்குகிறது, நடுவே பொருக்கு. இரண்டு ஆண்டுகளாக ஆறவில்லை. பட்டறையோ அதற்குத் தீப்பொறிக் காயம் என்று பெயர் சூட்டி, முதலுதவிப் பெட்டியின் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. தழும்பை விருதென்று எண்ணும் கூட்டம் அது. மருத்துவரிடம் போகிறவன் அங்கே கோழை.

"இந்தப் பருவுக்கு லீவா? மாப்பிள்ளை மாதிரி முகத்தைப் பாத்துக்கறியே!" என்றார் முதலாளி.

வெல்டரும் சேர்ந்து சிரித்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி சிரிக்கவில்லை.

"கையில பொறி பட்டா எத்தனை நாள்ல ஆறும்?"

"பத்து நாள்."

"அப்போ முகத்துல மட்டும் ரெண்டு வருஷமா பொறி பறக்குதா? கிளம்புங்க!"

வெல்டர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மனைவியோடு கிளம்பினார்.

புண்ணிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்த மருத்துவர், மறுவாரம் ஒளிக்காமல் சொன்னார்: தோல் புற்றுநோய்.

"கண்ணு போயிடுமா டாக்டரம்மா?" கண்தான் வெல்டரின் பிழைப்பு.

"இப்போ போகாது. விட்டுவச்சா இமையை அரிச்சு உள்ள போகும். மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்துடலாம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

அவ்வாறே நடந்தது. புண்ணோடு சுற்றியிருந்த நல்ல தோலையும் சிறிது சேர்த்து, படகு வடிவில் வெட்டியெடுத்தார் மருத்துவர்.

"தையல் நேரா வருதாம்மா? என் வெல்டிங் கோணினா ஊரே சிரிக்கும்."

"வாயை ஆட்டாதீங்க அண்ணே. நீங்க பேசப் பேசத்தான் கோணுது!"

ஆறு தையல்கள். முக்கால் மணி நேரம். வெட்டிய துண்டின் விளிம்பில் நோயில்லை என்றது அறிக்கை. கண் பிழைத்தது. அறிக்கையை முதலாளியின் மேசையில் விரித்து வைத்தார் மனைவி. முதலாளி அதை இருமுறை படித்தார்.

அப்போது கடைசல் இயந்திரத்துக்காரர் தொப்பியைக் கழற்றி, "தங்கச்சி, இது மூணு மாசமா இருக்கு" என்று காதோரத்துப் புண்ணைக் காட்டினார்.

"இப்பவே போய்யா," என்றார் முதலாளி.

தோழர்களே, உங்கள் பட்டறையில் முதலாளி வாயிலிருந்து 'இப்பவே போ' என்ற சொல் தானாக வருமென்று காத்திராதீர்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தை இன்றே பாருங்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணைக் கண்டால், விடுப்பைக் கேட்டு வாங்குங்கள்; கையைப் பிடித்து மருத்துவரிடம் இழுத்துச் செல்லுங்கள்!