மேனேஜருக்குச் சொட்டு மருந்து

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பயந்தது மாமியாருக்கு இல்லை, மேனேஜருக்கு. மேனேஜர் என்பது அந்த வீட்டு நாய். வாசற்படியை அடைத்துப் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பையையெல்லாம் மோந்து பார்த்த பிறகுதான் வழிவிடும் என்பதால் அந்தப் பெயர். காலையில் அவள் பியூட்டி பார்லர் வேலைக்குக் கிளம்பும்போது கணவன் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நழுவி வெளியேறுவாள்.

"அது ஒண்ணும் பண்ணாதும்மா" என்பார் மாமியார்.

"அப்படின்னு உங்ககிட்ட சொல்லுச்சா அத்தை?" என்பாள் இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் காலியாக இருந்தது. மேனேஜர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இமைகள் வீங்கிக் கண் இரண்டும் வெறும் கோடாகிவிட்டன. நீர் வழிந்து கன்னத்து முடியெல்லாம் ஈரம். முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து முனகியது.

கணவன் பதறிப்போய், எப்போதோ தனக்கு வாங்கிய கண் மருந்தை அலமாரியிலிருந்து எடுத்தான். சமையலறையிலிருந்து இவள் கத்தினாள். "ஏங்க, மனுஷங்க மருந்தை அதுக்கு ஊத்தாதீங்க! முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவள் மேனேஜருக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

கால்நடை டாக்டரம்மா பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார். "நல்லவேளை, கருவிழியில கீறல் இல்ல. தூசி பட்டுத்தான் வீங்கியிருக்கு. வண்டியில தலையை வெளியே நீட்டிக்கிட்டு வருமோ?"

பார்சல் வேன் ஓட்டும் கணவன் தலையைச் சொறிந்தான். "காத்து வாங்க ஆசைப்படுவான் மேடம்."

"அது வாங்கினது காத்து இல்ல, ரோட்டுப் புழுதி. இனிமே கண்ணாடியை ஏத்திடுங்க."

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும், இந்தக் கண்ணுக்கு வைத்த பஞ்சை அந்தக் கண்ணுக்கு வைக்கக் கூடாது, மூன்று வேளையும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி, கண்ணைத் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பையும் மாட்டி அனுப்பினார்.

வீட்டில் கூத்து ஆரம்பித்தது. முதல் சொட்டு மேனேஜரின் மூக்கில் விழுந்தது. அடுத்தது கணவனின் சட்டையில். அதற்கடுத்தது தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியாரின் மூக்குக்கண்ணாடியில்.

"என் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு, அதுக்கு விடு!"

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை துறுதுறுத்தது. நாள் முழுக்கப் புருவம் திருத்துவதும் இமைக்கு மை தீட்டுவதும்தான் அவள் பிழைப்பு. பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: "பாட்டிலை மூஞ்சிக்கு நேரா நீட்டினா எந்தக் கஸ்டமர் கண்ணைத் திறப்பாங்க?"

"அப்போ நீயே வந்து விடேன்" என்றான் கணவன், எங்கே வரப்போகிறாள் என்ற தைரியத்தில்.

அவள் கையைக் கழுவினாள். சுவரோடு ஒட்டியே சுற்றி வந்து, மேனேஜருக்குப் பின்பக்கமாக மண்டியிட்டு உட்கார்ந்தாள். கூம்புக்குள் கைவிட்டு அதன் தாடையைத் தாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், குரல் தானாகப் பார்லர் குரலாக மாறிவிட்டது.

"கொஞ்சம் மேலே பாருங்க சார். அசையாதீங்க. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

மேனேஜர் அசையவில்லை. தலைக்குப் பின்னாலிருந்து வந்த பாட்டிலை அது பார்க்கவே இல்லை. ஒரு சொட்டு. இமைத்தது. மறுகண்ணிலும் ஒரு சொட்டு.

"ஆச்சு சார்" என்று எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ, அதைத் தொட்டுட்டேன்!" என்று ஓடினாள். மாமியார் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பார்லரிலிருந்து மருந்து விட ஓடி வந்தாள். வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு காலை, பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் கண்ணை முழுசாகத் திறந்து அவளைப் பார்த்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்! இவன் கண்ணு தேன் கலருங்க!"

"ஆறு வருஷமா அதே கலர்தான்" என்றான் கணவன்.

"எனக்கு யாரு சொன்னா? நான் கிட்டப் போய்ப் பார்த்தேனா?"

அவள் குனிந்ததுதான் தாமதம், மேனேஜர் கூம்போடு எம்பி மோவாயிலிருந்து நெற்றிவரை ஒரே நக்கு. அவள் வீல் என்று அலறினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. அலறல் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது, அடக்கவே முடியவில்லை.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா கூம்பைக் கழற்றினார். "சுத்தமா ஆறிடுச்சு. யாரு மருந்து விட்டது?"

கணவன் வாயைத் திறக்குமுன் மேனேஜரே போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது வேனில் கண்ணாடியை அவளே ஏற்றினாள். மேனேஜர் பாதி இருக்கையிலும் பாதி அவள் மடியிலுமாகப் பரப்பிக்கொண்டு படுத்தது.

"கொஞ்சம் தள்ளச் சொல்லு, கியர் போட முடியல" என்றான் கணவன்.

"மெதுவாவே ஓட்டுங்க, தூங்குறான்" என்றாள் அவள்.