சோதிலிங்கத்தின் பெயர் நின்ற கடிதம்

2002 தை மாதம் தொடங்கி, சோதிலிங்கத்தின் பெயர் எந்தக் கடதாசியிலும் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை. நொர்வேயின் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாத் தொடர்மாடியின் கீழிருக்கும் தபால்பெட்டியில்தான் அது முதலில் தெரியவந்தது. அந்த ஊரில் பெட்டியில் பெயரில்லாவிட்டால் தபால்காரர் கடிதம் போடமாட்டார். ராசாவே குடியிருந்தாலும் போடமாட்டார். சோதிலிங்கம் மாலையில் பெயரை ஒட்டுவார், விடிந்தால் வெறுந்துண்டுதான் இருக்கும். பக்கத்திலே மனைவி ஞானமலரின் பெயர் பளிச்சென்று நிற்கும். பேனை மாற்றினார்கள், தகரத்தில் பொறித்தும் பார்த்தார்கள். தகரம் வழவழப்பானதுதான் மிச்சம். குடிவரவு அலுவலகத்திலும் அதே கூத்து. அவருடைய அகதி விண்ணப்பத்தில் ஓர் அலுவலகப் பெண் தினமும் பெயரைத் திரும்ப எழுதினாள், மூன்றாம் கிழமை அலுத்துப்போய் இலக்கத்தோடு விட்டுவிட்டாள்.

ஞானமலர் இதற்கெல்லாம் அசரவில்லை. "இருநூற்றுப் பதினாலு பேரின்ர பேரை எடுத்தனீங்கள். இப்ப உங்கட பேரை ஆரோ எடுக்கினம், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மை. யாழ்ப்பாணத்திலிருந்து பிழைப்புத் தேடிப்போன சோதிலிங்கம், தளபதி ஒருவர் இருபத்தொரு வருடம் ஆண்ட நாட்டின் உளவுத் துறையில் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த நாட்டின் பெயரைச் சொல்ல அவருக்கு இன்றைக்கும் பயம், ஆகவே இங்கேயும் சொல்லப்படவில்லை. துறைமுகத் தமிழர்களின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு, பிடிக்கவேண்டியவர்களின் பட்டியலை ஒவ்வொரு வியாழனும் புதிதாகத் தட்டச்சுச் செய்வார்கள். கூட வேலைசெய்த இரவீந்திரன் பழைய பட்டியலை உரத்து வாசிக்க, சோதிலிங்கம் தட்டச்சுச் செய்யவேண்டும். பிறகு இடம் மாறிச் சோதிலிங்கம் பழையதை வாசிக்க, இரவீந்திரன் புதியதில் சரிக்குறி போடவேண்டும். ஒரு வியாழன் இரவீந்திரன் வாசிக்கும்போது ஒரு பெயரை விழுங்கிவிட்டார். சரிபார்க்கும் நேரம் பழைய பட்டியலைக் கையில் எடுத்த சோதிலிங்கத்துக்கு அது தெரிந்தது, அவரும் அந்தப் பெயரைத் தாண்டி வாசித்தார். இருவரும் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. இப்படியே ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினாலு பெயர் பட்டியலிலிருந்து போனது. விடுபட்டவர்கள் தங்கள் வீட்டில் இருந்து சோறு தின்றார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் இருவருக்கும் கயிறுதான். அந்த மனுசனைச் சோதிலிங்கம் கூடப்பிறந்தவனைவிட நம்பினார்.

விசயம் வெளியே கசிந்ததும் இருவரும் வெவ்வேறு பாதையில் தப்பினார்கள். இரவீந்திரன் முந்திக்கொண்டு நொர்வேயின் பேர்கன் நகருக்கு வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் வேலையும் எடுத்துவிட்டார். 2003இல் குடிவரவு அலுவலகம் சோதிலிங்கத்திடம் சாட்சி கேட்டது. சாட்சியில்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே தளபதி காத்திருந்தார். "பேர்கனில இரவீந்திரன் இருக்கிறான், அவனைக் கேளுங்கோ," என்று சோதிலிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, இரவீந்திரனின் சொந்தக் கையெழுத்தில், நொர்வேஜிய மொழியில். பெயர்களை நான் தனியாகத்தான் எடுத்தேன், சோதிலிங்கம் தளபதியின் ஆள், என்னைக் காட்டிக்கொடுத்தவன் அவன் என்று எழுதியிருந்தார். இரவீந்திரன் தன் விசாரணையில் எல்லாம் தானே செய்ததாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். இப்போது மாற்றிச் சொன்னால் தன் விசா போய்விடும் என்று பயம். இது சோதிலிங்கத்துக்கு விளங்கியது. விளங்கியதால்தான் வயிறு இன்னும் எரிந்தது. பாவி, ஆறு வருடம் ஒரே மேசையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவன்! கதை ஒஸ்லோத் தமிழ்க் கடைகளுக்கும் வந்தது; சனம் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தியது.

ஆனால் அந்தக் கடிதத்தில் அவருடைய பெயர் அழியவில்லை. மறுநாளும் நின்றது, மறுமாதமும் நின்றது. பிரதி எடுத்தால் பிரதியில் மறைந்தது, மூலத்தில் கறுப்பாக நின்றது. குற்றச்சாட்டை விசாரிக்கவோ, விண்ணப்பத்தை நிராகரிக்கவோ, விமானச் சீட்டு எடுக்கவோ புதிய கடதாசியில் பெயர் நிற்கவேண்டும், அது நடக்கவில்லை. ஆகவே 2006இல் பெயரில்லாத அடையாள அட்டை ஒன்றைக் கொடுத்து, கூடவே அந்த மூலக் கடிதத்தையும் கையில் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் செல்லும் என்றார்கள்.

2008 வைகாசியில் இரவீந்திரன் ரயிலேறி வந்தார். நொர்வே குடியுரிமை கிடைத்துவிட்டதாம். சோதிலிங்கம் வீட்டு மேசையடியில் இருந்து விம்மினார். "பயத்தில செய்திட்டன் மச்சான். உண்மையை எழுதித் தாறன்." நானும் சோதிலிங்கமும் சேர்ந்துதான் எடுத்தோம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். வாசித்த சோதிலிங்கம் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். ஞானமலர் தேத்தண்ணி வைத்தாள், பாய் போட்டாள்.

விடியப் பார்த்தால் புதிய கடிதத்தில் சோதிலிங்கம் இருந்த இடமெல்லாம் வெறுமை. இரவீந்திரன் மட்டும் பெயரும் புகழுமாக நின்றார். வெட்கம் தாங்காமல் அவர் பழைய கடிதத்தை எடுத்துக் கிழிக்கப்போனார்.

"தொடாதை!" சோதிலிங்கம் பாய்ந்து பறித்தார். "அது கிழிஞ்சால் நான் இல்லையடா!"

இரவீந்திரன் பதினொரு மணி ரயிலில் திரும்பிவிட்டார். சோதிலிங்கம் அன்றைக்கே கடிதத்துக்குப் பிளாஸ்ரிக் உறை ஒட்டுவித்தார். மருந்துக்கடையில் அட்டையோடு அதை நீட்டுவார். பணிப்பெண் காட்டிக்கொடுத்தவன் என்ற வரி வரைக்கும் வாசித்து, "ஓ, நீங்கள்தான்," என்று தலையாட்டி, பிரஷர் குளிசையை எடுத்துக் கொடுப்பாள்.