கீழ்நோக்கி பிளஸ்

திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் எனக்கு இரவு ஷிப்ட். இயற்பியலில் அரியர் வைத்துவிட்டு பாலிடெக்னிக்கை விட்டவன். அரியரை முடித்து டிப்ளமோ வாங்கி வந்தால் பகலுக்கு மாற்றுவதாக முதலாளி ரத்தினசாமி சொன்னார். பகலில் தூங்கித் தூங்கி வெறுத்துப்போயிருந்தது. 2007 ஏப்ரலில் போய் எழுதினேன்.

முடித்ததும் டீக்கடையில் நின்றோம். என்னோடு அரியர் எழுதிய இருவர்: எங்கள் பிரஸ்ஸில் பகலில் பேப்பர் அடுக்கும் முனியராஜ், பட்டாசுக் கம்பெனியில் வாணவெடி சோதிக்கும் சுந்தரபாண்டி. ஒரு பெரிய கணக்கு வந்திருந்தது. இருபத்தைந்து மீட்டர் உயர மாடியிலிருந்து, நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து எத்தனை நொடியில், என்ன திசைவேகத்தில் தரையில் விழும்?

முனியராஜுக்கு ஐந்து நொடி, மைனஸ் முப்பது. எனக்கும் ஐந்து நொடிதான். ஆனால் பிளஸ் முப்பது. சுந்தரபாண்டிக்கு இரண்டு நொடி. பந்து உச்சிக்குப் போனதோடு நிறுத்திவிட்டான்.

"பந்து கீள வரணும்லே," என்றான் முனியராஜ்.

"எங்க கம்பெனியில மேல போனது எது கீள வந்திருக்குலே? அங்கனயே வெடிச்சிரும்," என்றான் சுந்தரபாண்டி.

சிரித்தேன். ஆனால் அந்த மைனஸ் அரித்தது. புவியீர்ப்பு முடுக்கத்துக்கு மைனஸ்தான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் பிளஸ் பத்து போட்டிருந்தேன். தொழில் பழக்கம். மிஷின் தாளைக் கவ்வும் மேல் ஓரத்திலிருந்துதான் நாங்கள் அளப்போம். கீழே போகப் போக அளவு ஏறும். முனியராஜ் தரையிலிருந்து மேலே அடுக்குகிறவன்.

எறிந்த வேகத்துக்கு என்ன போட்டாய் என்று கேட்டான். மைனஸ் இருபது என்றேன். உயரத்துக்கு? பிளஸ் இருபத்தைந்து. விரலால் டீயைத் தொட்டு பெஞ்சில் அப்படியும் போட்டுப் பார்த்தான்.

"கடைசிவரைக்கும் மாத்தல, சரிதான். எது பிளஸ்னு பேப்பர்ல சொன்னியாலே? இல்லேன்னா திருத்துறவன் வெட்டிருவான்."

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. படத்தில் பந்துக்குப் பக்கத்தில் கீழே பார்த்து ஓர் அம்பு போட்டு, நுனியில் பிளஸ் எழுதியிருந்தேன். சொன்னேன்.

"அப்ப டீ உன் கணக்கு," என்றான்.

நாங்கள் இருவரும் பாஸ். சுந்தரபாண்டி மறுபடி எழுத வேண்டும். அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ரத்தினசாமி சொன்னபடி செய்தார்.

முதல் பகல் ஷிப்டில் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். டியூப்லைட்டில் நான் இத்தனை நாள் மஞ்சள் என்று நினைத்தது லேசான பச்சை. சரிசெய்துவிட்டு மிஷினை ஓட்டினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.