ஆறாவது மாடியில் கதவு திறக்கிறது

அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும், அண்ணன் பேசமாட்டான். "சுவத்துக்கிட்டப் பேசினாக்கூட எதிரொலி வரும்" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு பையோடு கிளம்பிப் போனாள்.

அண்ணனின் தங்கைக்கு வீட்டில் பெயர் பூனை. நடந்தால் சத்தம் கேட்காது என்று அம்மா வைத்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், ஒரு சட்டைக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே பொத்தான் தைக்கிறாள். ரேடியோவில் வரும் பாட்டையெல்லாம் நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்புப் பேனாவால் அணியின் பெயரைக் குறிப்பாள். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி. பள்ளியில் அவளுக்குப் பிடிபட்ட ஒரே பாடம் அதுதான். நோட்டு துணி மூட்டைக்கு அடியில் இருக்கும். யாருக்கும் தெரியாது.

அன்று அண்ணனின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்க எடுத்தபோது பையில் ஓர் அட்டை இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். போன இடத்தில் என்ன பழுது என்று எழுத வேண்டிய அட்டை அது. மேலே போய் வந்த மூன்று தேதிகள், கீழே நான்கு வரி:

ஆறாம் மாடியில் கதவு திறக்கிறது
யாரும் வரவில்லை, மூடுகிறது
அழைத்தது யாரென்று தெரியவில்லை
மறுபடி ஆறுக்கே போகிறது

பூனைக்குக் கை நின்றுவிட்டது. இரண்டு நாளாகக் குளியலறையில் அவன் முணுமுணுத்தது இதைத்தான். அண்ணி இருப்பதும் ஓர் ஆறாவது மாடியில்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவன் பொறுப்புதான்.

நோட்டில் எழுதிக்கொண்டாள். திறக்கிறது, மூடுகிறது, போகிறது: இயைபு, சரி. அதற்கு மேல்தான் குழப்பம். கதவு திறந்ததை உள்ளபடி சொன்னால் இயல்பு நவிற்சி. தானாக நடக்கிற ஒன்றின் மேல் தன் மனத்தில் இருப்பதை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். முதலாவது என்றால் இது வேலைக் குறிப்பு. இரண்டாவது என்றால் அண்ணன் உள்ளுக்குள் அழுகிறான். ஒன்றை எழுதி அடித்தாள், மற்றதை எழுதி அடித்தாள். கடைசியில் தாள்தான் கிழிந்தது.

"அம்மா, அண்ணன் பாட்டு எழுதுவானா?"

"அவனா? மருந்துச் சீட்டையே ராகம் போட்டுத்தான் படிப்பான். அதெல்லாம் பாட்டாயிருமா?"

மாலையில் அண்ணனிடமே கேட்டாள். "அந்த ஆறாவது மாடி லிஃப்ட்ல என்ன ரிப்பேரு?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு மூணு தடவை போன?"

அவன் சட்டையைப் போட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்தான். "நல்லாத் தைச்சிருக்க," என்றான். அட்டையைத் தேடவே இல்லை.

பாட்டு என்றால் அண்ணியிடம் காட்டாமல் இருப்பது பாவம். வேலைக் குறிப்பு என்றால் காட்டுவது அதைவிட மோசம். இப்போதும் லிஃப்ட் நினைப்புதானா என்று அண்ணி ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவாள். மறுநாள் காலை தைத்த சட்டைகளைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு, எதுவும் முடிவாகாமலே ஆறாவது மாடிக்குப் போனாள்.

அண்ணி வாசலில் நின்றபடியே அட்டையைப் படித்தாள்.

"என்னடி இது?"

"அண்ணன் எழுதினது. பாட்டுன்னு நினைக்கிறேன் அண்ணி. இல்லாமலும் இருக்கலாம்."

"கம்ப்ளெயின்ட் கார்டுதானே? கீழ்வீட்டுக்காரங்க லிஃப்ட்டுக்காகக் காத்துக் காத்துக் கால் ஓஞ்சு புகார் கொடுத்திருக்காங்க. அதுவா மேல வந்து நிக்குதாம்."

பூனைக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப இயல்பு நவிற்சிதான்," என்றாள் தனக்குள்.

அண்ணி திரும்பவும் படித்தாள். மூன்றாவது வரியில் கட்டைவிரல் நின்றது.

"அதுவா வரல," என்றாள் மெதுவாக. "நான்தான் கூப்பிடுவேன். வீட்டுக்குப் போயிரலாம்னு செருப்பு மாட்டிட்டு வந்து பட்டனை அமுக்குவேன். கதவு திறந்ததும் என்னமோ ஆயிடும். திரும்பி வீட்டுக்குள்ளயே போயிருவேன்."

பூனைக்குத் தலை சுற்றியது. அண்ணன் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. ஆனால் லிஃப்ட் தானாகவும் போகவில்லை, அழைக்க அங்கே ஆள் இருந்திருக்கிறது. இதற்குப் பாடப் புத்தகத்தில் பெயர் உண்டா?

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். "கீழ வரைக்கும் வர்றேன்."

பை எடுக்கவில்லை. கதவு திறந்தது. ஒரு கணம் தயங்கிவிட்டு அண்ணி உள்ளே வந்தாள்.

நான்காவது மாடியைத் தாண்டும்போது கேட்டாள். "பூனை, யாரும் அமுக்காம லிஃப்ட் மேல வராதுன்னு மெக்கானிக்குக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியல அண்ணி."

"தெரிஞ்சுக்கிட்டே 'யாரென்று தெரியவில்லை'ன்னு எழுதுவாரா?"

"அதுதான் எனக்கும் புரியல."

கீழே கதவு திறந்தது. அண்ணி நகரவில்லை. அது மூடப்போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னிக்கு அவருக்கு எங்க வேலை?"

"சந்தைக்கு எதிர்ல, துணிக்கடையில."

"வா, கேட்டுருவோம். வாயைத் திறந்து சொல்லட்டும்."

அட்டையைக் கையில் பிடித்தபடி அண்ணி தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். என்ன அணி என்று இன்னும் தெரியாமல், பூனை பின்னாலேயே ஓடினாள்.