அமுதத்தின் இரண்டு முழம்

பாரீசில் இரண்டு வருஷம் நான் படித்தது, வேலை செய்கிறவர்களின் மனத்தைப் பற்றி. யார் எப்போது களைக்கிறார்கள், யார் பக்கத்தில் யாரை நிறுத்தினால் வேகம் கூடுகிறது, எதனால் கை தவறுகிறது என்று அளந்து சொல்வதற்கு அங்கே ஒரு பட்டமே கொடுக்கிறார்கள். வில்லியனூர்க் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்கே களைத்துவிட்டது.

"வேலை செய்றவனைப் பாத்துகினு இருக்கிறதுக்கு ஒரு படிப்பா? அதை நம்ம கடையிலயே குந்திகினு படிச்சிருக்கலாமேடா, ஜெகநாதா" என்றார் அவர்.

பட்டம் கைக்கு வர ஓர் ஆய்வு பாக்கியிருந்தது. பலர் சேர்ந்து செய்யும் ஒரு வேலையைக் கூடவே இருந்து அளந்து, அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்தோடு அடுத்த கப்பலில் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். என் தாய்மாமா சிங்காரவேலுவுக்குச் செலியமேட்டில் நஞ்சை இருந்தது. 1936, புரட்டாசிக் கடைசி, சம்பா நடவு. நடவுக்குப் பதினோரு பெண்கள். நோட்டும் பென்சிலும் கடிகாரமுமாகப் போய் வரப்பில் உட்கார்ந்தேன்.

நடவில் பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து, ஆளுக்கு ஒரு கைவீச்சு அகலத்தை நட்டபடியே பின்னால் நகர்ந்து வருவார்கள். என் பக்கம் அவர்கள் முதுகு. அரை மணிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, யாருடைய கால் எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். நாலு நாளில் பத்துப் பேர் சமமாக வந்தார்கள். அமுதம் என்பவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு முழம் குறைவு. வரிசையின் கடைசியில் அவளை ஒட்டி நின்ற அமிர்தம், காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல வெளிறிப்போயிருந்தாள்; அவள்கூடச் சரியாக வந்துவிட்டாள். அமுதத்தின் பெயருக்கு நேரே, "உழைப்பில் நாட்டமில்லை" என்று நல்ல பிரெஞ்சில் எழுதினேன்.

எழுதியதோடு நின்றிருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டில் மாமாவிடம் அதைப் பெருமையாகப் படித்தும் காட்டினேன். நுணல் தன் வாயால்தான் கெடும். என் வாயால் இன்னொருத்தி கெட்டாள்.

மறுநாள் காலையில் மாமா வரப்பில் வந்து நின்றார். "ஏ அமுதம், கரையேறு. இனிமே நீ வரத் தேவையில்லை."

நட்ட கைக்குத்தான் அறுப்பு என்பது அந்த ஊர் வழக்கம். நடவை விட்டு அனுப்பினால் தை மாத அறுப்புக் கூலி நெல்லும் போனது. வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அவள் கத்துவாள், அழுவாள், குறைந்தபட்சம் என்னைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அமிர்தத்தை ஒரு தடவை பார்த்தாள். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று உச்சிக்குள் அமிர்தம் ஐந்து முழம் பின்தங்கினாள். கஞ்சி நேரத்தில், ஆள் கூட்டி வரும் தையலம்மாள் என்னிடம் வந்தாள்.

"சின்னய்யா, நாலு நாளா எங்க காலைப் பாத்தீங்க. கையைப் பாத்தீங்களா?"

"இன்னா சொல்ற?"

"வெக்கத்த வுட்டுச் சொல்றேன். அமிர்தத்துக்கு நாலு மாசக் கரு கலைஞ்சு இன்னையோட எட்டு நாளாவுது. தீட்டோட நாத்தைத் தொட்டான்னு தெரிஞ்சா ஐயா வெட்டிப் போட்டுடுவாரு. வூட்டுல கிடந்தான்னா அறுப்பு இல்லை. அதான் அவ பங்குல பாதிய அமுதந்தான் நட்டுகினு இருந்தா. ஒண்ணரை ஆளு வேலை செஞ்சவளைத்தான் நீங்க சோம்பேறின்னு எழுதினீங்க."

எனக்கு வரப்பிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. படித்த புத்தகங்களை எல்லாம் அந்தச் சேற்றில் போட்டு மிதிக்கலாம் போலிருந்தது. மாமாவிடம் உண்மையைச் சொன்னால் அமுதம் உள்ளே வருவாள், அமிர்தம் வெளியே போவாள். சொல்லாவிட்டால் அமுதம் வெளியே. நடவு முடிய இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

மாமா நாவல் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் எழுதினது தப்பு."

"எதுடா தப்பு?"

"முழுசும். அமுதம்னு நெனைச்சி வேற யாரையோ எழுதிட்டேன். குனிஞ்சா எல்லா முதுகும் ஒரே மாதிரி இருக்குது."

"அப்ப யாருடா அந்தச் சோம்பேறி?"

"தெரியலை மாமா."

அவர் என்னை நன்றாக உற்றுப் பார்த்தார். "தப்புன்னு நீயே சொல்ற நோட்டுல நான் எப்பிடிடா கையெழுத்துப் போடுவேன்?"

"போட வேணாம் மாமா."

சொன்ன பிறகுதான் நாள்களை எண்ணிப் பார்த்தேன். வேறு இடம் தேடி மறுபடி அளக்க நாள் கிடையாது. கப்பல் போய்விடும், பட்டமும் போய்விடும். மாமா எழுந்து, வயலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "பதினோரு பொம்பளைய அடையாளம் தெரியாதவனைக் கப்பலேத்திப் படிக்க வச்சாரே எம்மச்சான், அவரைச் சொல்லணும்!" கத்தி ஓய்ந்த பிறகு அமுதத்துக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் அவள் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். நானும் வரப்புக்குப் போனேன். வில்லியனூருக்குப் போய் அப்பாவின் முகத்தில் விழிக்கப் பயம். திடீரென்று நின்றுவிட்டால் மாமாவுக்குச் சந்தேகம் வரும் என்றும் பயம். நோட்டைத் திறக்காமல், அமிர்தம் நின்ற கோடியில் வரப்பு மூலையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் தெரிந்த கைகளை மட்டும் பார்த்தேன். தன் பக்கத்தில் மூன்று குத்து நாற்று, அமிர்தத்தின் பக்கத்தில் இரண்டு, மறுபடி தன் பக்கத்தில் மூன்று. அமுதம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அமிர்தம் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி நட்டாள். இதற்குப் பாரீசில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது எந்தப் பெயரும் ஞாபகம் வரவில்லை.

தூரத்து வரப்பில் மாமாவின் குடை தெரிந்தது. நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்த அமுதம் எனக்கு நாலடி தூரத்துக்கு வந்துவிட்டாள். நிமிராமலே தணிந்த குரலில் பேசினாள்.

"சின்னய்யா, சும்மா குந்திகினு இருக்காதீங்க. ஐயா வர்றாரு. எதையாச்சும் எழுதுங்க."

நோட்டைத் திறந்து குனிந்துகொண்டேன். கண் நிறைந்து கோடு ஒன்றும் தெரியவில்லை. மாமா கடந்து போகும்வரை பென்சிலை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.