மெட்ராஸுக்குப் போன கடலைக்கொடி

"மேல ஒரு பிடி, நடுவுல ஒரு பிடி, அடியில ஒரு பிடி. நல்லது கெட்டது பாக்காம எடுக்கணும், தெரியுதா?"

"மாட்டுத் தீனிதானே எடுக்கச் சொல்றீங்க, வைரமா இன்னா?"

கல்யாணமான இருபதாம் நாள், பொன்னேரி ஸ்டேஷனில் ஷஃபியுல்லாவும் பத்ருன்னிசாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். தன்னையும் அழைத்துப் போகச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதாயிற்று ஒன்றரை வருஷம்.

மெட்ராஸில் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. அவன் வாப்பா நூர் அகமது, இளைத்த மாடுகளை வாங்கித் தீனி போட்டுத் தேற்றிக் கறிக்கு விற்பவர். மாதம் ஒருமுறை தீவனத்தில் மாதிரி எடுத்து, பையில் தைத்து மகனுக்கு அனுப்பும் பொறுப்பு மருமகளுடையது. பதிலுக்கு ஒரு கார்டு வரும்: ஈரம் இவ்வளவு, புரதம் இவ்வளவு, நார் இவ்வளவு. கடைசியில், 'நலம்'. அந்த ஒரு சொல்லுக்காகக் கார்டைத் தலையணைக்கடியில் வைத்திருப்பாள். மனசில் உள்ளதை எழுதிக் கேட்க அவளால் முடியவில்லை. மனைவியை இழந்த மாமனாருக்குச் சோறாக்கிப்போட வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த முறை போனது ஊத்துக்கோட்டையில் வாங்கிய கடலைக்கொடி. கார்டில் புரதம் எக்கச்சக்கம். நூர் அகமது குஷியாகிப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்தார். ஒரு மாதம் கழித்துக் கயிற்றால் மாடுகளின் மார்பை அளந்தால், சுற்றளவு கூடவில்லை. இரண்டு மாடு இளைத்தேவிட்டது.

"உன் கார்ட மாடு படிக்கலடா, வந்து பாரு" என்று எழுதிப்போட்டார்.

ஞாயிறு காலை வந்த ஷஃபியுல்லா, கடலைக்கொடிப் போருக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்தான். வந்ததெல்லாம் காய்ந்த குச்சி.

"இன்னா வாப்பா இது? பையில வந்தது பூரா பச்சை இலையாச்சே!"

நூர் அகமது மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று நகர்ந்தார்.

"பொறுக்கி எடுத்தியா, பத்ரு?"

"ஆமா. இலையா பாத்து, ஒவ்வொண்ணா. ரெண்டு நாளாச்சு."

"அவ்ளோ சொல்லிக் குடுத்தேனே! புரதமெல்லாம் இலையிலதான், குச்சியில இன்னா இருக்கு? மாடு இளைச்சிக்கினு நிக்குது பாரு."

"உங்க கைக்கு வர்ற பைங்க. அதுல குச்சிய எப்படிப் போடுவேன்?"

அவன் கோபம் வந்த வழியே போய்விட்டது. "அத அரைச்சு சோதிக்கவே எனக்கு மனசு வரல" என்றான், மெதுவாக.

தொழுவத்தில் மாமனார் இருமுவது கேட்டது. பத்ருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"மாமாவுக்குக் கேட்டா கேக்கட்டும். என்னையும் உங்ககூடக் கூட்டிக்கினு போங்க."